காதலர் தினம் என்பது வாழ்த்து அட்டைக் கம்பெனிகள் கிளப்பிவிட்டதுதானா?

இல்லைங்க. கம்பெனிகளுக்குப் பல நூறு ஆண்டு முந்தியது அந்த நாள். அதை விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டவர்கள்தான் அவர்கள்.

ஜெயிலர் மகளுக்குக் கடிதம் எழுதினார், ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தார் என்று, அந்த நாளுக்குப் பெயர் தந்த கிறிஸ்தவப் புனிதர் வாலன்டைன் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற கதையெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது ரொம்பக் குறைவு என்பதால், கத்தோலிக்கத் திருச்சபையே 1969-இல் தன் பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய விழாவை எடுத்துவிட்டது. அந்த நாளைக் காதலோடு முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அன்று பறவைகள் ஜோடி தேடுவதாகப் பாடி வைத்தார்.

பணம் புகுந்தது தபால் வழியாக. 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்று ஆனதும், சாதாரண ஆட்களும் அட்டை அனுப்ப ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் எஸ்தர் ஹவ்லாண்ட் என்ற பெண் லேஸ் ஒட்டிய அட்டைகளைப் பெரிய அளவில் செய்து விற்றார். வெட்ட ஒருத்தர், ஒட்ட ஒருத்தர் என்று பெண்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று போகிற மாதிரியேதான். 1860-களில் கேட்பரி இதய வடிவச் சாக்லேட் பெட்டியைக் கொண்டுவந்தது. ஜப்பானில் அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். ஆண்கள் பதில்மொய் வைக்க மார்ச் 14 என்று இன்னொரு நாளை 1970-களின் கடைசியில் மிட்டாய்க்காரர்களே ஏற்படுத்தினார்கள். உங்கள் சந்தேகம் அச்சு அசலாகப் பொருந்துவது அந்த நாளுக்குத்தான்.

நம்ம ஊருக்கு இது 1990-களில் கேபிள் டிவியோடு வந்தது. சத்தியமங்கலம் பக்கம் மல்லிக்காடு வைத்திருக்கிற எங்களுக்கு அதனால் பெரிய லாபமில்லை. பிப்ரவரியில் மல்லி விலை ஏறினால் காரணம் பனி. செடியில் மொக்குக் கட்டாது. கூடவே முகூர்த்தமும் வந்தால் இன்னும் ஏறும். காதலர்களுக்கு அதில் பங்கில்லை.

பங்கு ரோஜாவுக்கு. ஓசூர்க்காரர்கள் பிப்ரவரி முதல் வாரத்தில் வெட்டுக்கு வர வேண்டுமென்று கணக்குப் போட்டு, சுமார் 45 நாளுக்கு முன்பே செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிவிடுவார்கள். நீளக் காம்புள்ள நல்ல பூ சிங்கப்பூர், மலேசியா என்று பறக்கும். கோயமுத்தூர் பூமார்க்கெட்டுக்கு வருகிற பூவுக்கும் அந்த வாரம் தனி ரேட்டுதான். எங்கம்மா அங்கே ஒரு கடையில் நின்று, "ஏஞ்சாமி, ஒத்தப் பூ அம்பது ரூவாயா? இதைத் தலையில வெக்கக்கூட முடியாதே" என்று கேட்டார். கடைக்காரப் பையன், "வெக்கறதுக்கில்லீங்மா, குடுக்கறதுக்கு" என்றான்.