கடவுளுக்கு இஸ்ரவேலர் மட்டும்தான் வேண்டியவர்களா?

இஸ்ரவேலரைத் தேர்ந்தெடுத்த கடவுளுக்கு அந்தக் காலத்து மற்ற இனத்தார் யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பைபிளில் ஆமோஸ் 9:7-ஐ எடுத்துப் படியுங்கள்.

சின்ன வயதில் சண்டே ஸ்கூலில், இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர் என்றாலே எனக்குக் கோலியாத்தும் அவன் ஈட்டியும்தான். பல வருடம் கழித்து இந்த வசனத்தைப் படித்தபோது அப்படியே நின்றுவிட்டேன். இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்த நான்தானே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தேன் என்று கடவுளே கேட்கிறார், அதுவும் இஸ்ரவேலரின் முகத்துக்கு நேராக. கடவுள் கைப்பிடித்துக் கொண்டுவந்தது தங்களை மட்டுமே என்று நம்பியிருந்தவர்களுக்கு, கி.மு. 8ஆம் நூற்றாண்டில், தெக்கோவா ஊர் மேய்ப்பன் ஆமோஸ் வந்து சொன்ன செய்தி இது.

அதே ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களில் அக்கம்பக்கத்து நாடுகள்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. மோசேயின் சட்டத்தை மீறினார்கள் என்று இல்லை, கொடுமை செய்தார்கள் என்று. மோவாப் செய்த குற்றம் என்ன தெரியுமா? ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டெரித்தது. சுட்டவனும் இஸ்ரவேலன் இல்லை, செத்தவனும் இஸ்ரவேலன் இல்லை, ஆனாலும் கடவுள் கோபப்படுகிறார். அவர்கள் அவருக்கு யாரோ என்றால் இந்தக் கோபம் எதற்கு?

சரி, இஸ்ரவேலர் போய்ச் சேரவிருந்த நாட்டில் ஏற்கெனவே குடியிருந்த கானானியரை அழிக்கச் சொல்லும் உபாகமம் 7 பைபிளில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எனக்கு இன்றும் அதைப் படித்தால் மனசு கனக்கிறது, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே புத்தகத்தின் 2ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: சேயீர் மலைநாட்டை ஏசாவின் வம்சமான ஏதோமியருக்குக் கொடுத்துவிட்டேன், அதில் ஓர் அடி நிலம்கூட உங்களுக்குத் தரமாட்டேன், போருக்குப் போகாதீர்கள் என்கிறார். மோவாபியருக்கும் அம்மோனியருக்கும் அவர்களுடைய நிலத்தைக் கொடுத்தது தானே என்றும் சொல்கிறார்.

இஸ்ரவேலர் அல்லாத தனிமனிதர்கள் என்று போனால் சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு, மோசேயின் மாமனார் எத்திரோ, மோவாபியப் பெண் ரூத், பாரசீக ராஜா கோரேஸ் என்று நிறையப் பேர். எனக்கு மிகவும் பிடித்தவன் நாகமான். இஸ்ரவேலின் எதிரி நாடான சீரியாவின் படைத்தலைவன். அவனைக் கொண்டு சீரியாவுக்கு வெற்றி தந்தது கர்த்தர்தான் என்று 2 இராஜாக்கள் 5-இன் முதல் வசனமே சொல்கிறது. யோர்தானில் ஏழுமுறை முழுகிக் குஷ்டம் நீங்கியபின், இனி கர்த்தருக்குத்தான் பலி என்று சொல்லி, தீர்க்கதரிசி எலிசாவிடம் இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரவேலின் மண்ணைக் கேட்கிறான். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா அவனைத் திட்டவில்லை, ஊரைவிட்டு இங்கேயே வந்துவிடு என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்றார்.