புளியங்கொட்டைக் கணக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 61. ஊர் ஆத்தங்குடி. முப்பது ஆண்டுகள் தரைக்கல் பட்டறை நடத்தினேன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறேன். காப்பீட்டு அட்டை இருப்பதால் பணத்துக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் என் மனைவியைப் பற்றியது.

தண்ணீரை அளந்து கொடுக்கிறாள். நாளைக்கு ஒரு லிட்டர் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். அதற்காகச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு எண்ண வேண்டுமா? சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோதும் அவர்கள் எதிரிலேயே கொட்டை போட்டாள். கண்ணாடிமேல் சாயம் ஊற்றிக் கல் வார்த்து, அதைத் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டவன் நான். எனக்கு ஒரு மடக்குத் தண்ணீருக்குக் கணக்கு.

இந்தக் கூத்து ஆடிப் பதினெட்டில் தொடங்கியது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் புளியோதரை, தேங்காய்ச் சாதம். எனக்கு மட்டும் உப்பில்லாத சோறும், வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டிய புடலங்காயும். சிங்கப்பூரிலிருக்கும் மகன் தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா அப்பா" என்று கேட்பதில்லை. "எடை எவ்வளவு கூடியிருக்கிறது" என்றுதான் கேட்கிறான். யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? மூன்று கிலோ கூடிவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நான் துடிப்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். தொட்டால் பூனை உறுமுவதுபோல அதிரும். தினமும் ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். இவள் நடு இரவு இரண்டு மணிக்கு வந்து தொட்டுப் பார்க்கிறாள். இதுவும் புதுப் பழக்கம். தூங்குவதுபோல் கிடந்துவிடுவேன்.

மையத்திலும் நிம்மதியில்லை. ஏசி நேராக முகத்தில் அடிக்கிறதென்று போன மாதம் கட்டிலை மாற்றிக் கேட்டு வாங்கினேன். பக்கத்துக் கட்டில் தேவகோட்டைக்காரரும் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரத்திலிருந்து வருவதில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு சின்னப் பையன் படுக்கிறான். அது கிடக்கட்டும். இவள் வெளியே பெஞ்சில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பு அந்த தேவகோட்டை அம்மாவோடு ஓயாமல் பேசுவாள். இப்போது யாரோடும் பேச்சில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என்னோடும் இல்லை. என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சொந்த வீட்டில் கைதியாக இருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு நான்கு வார்த்தை எழுதுங்கள்.

பெயர் வேண்டாம், ஆத்தங்குடி

ஐயா,

உங்கள் மனைவிக்கு நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது உங்களுக்குத்தான்.

தண்ணீருக்கு ஒரு பத்தி முழுவதும் கொடுத்திருக்கிறீர்கள். தேவகோட்டைக்காரர் ஒரே ஒரு வரியில், ஏசிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறார். வந்த வேகத்தில் "அது கிடக்கட்டும்" என்று அவரை அனுப்பியும் விடுகிறீர்கள். எனக்கு அதைக் கிடக்கவிட மனமில்லை.

உங்கள் தொழிலில் சாயம் அடியில், கண்ணாடிப் பக்கம் இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு மணலும் சிமென்ட்டும்தான் தெரியும். உங்கள் கடிதத்தையும் நான் திருப்பிப் போட்டுத்தான் பார்த்தேன். அவர் வராமல் போனது ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம். புளியங்கொட்டை தொடங்கியது ஆடிப் பதினெட்டில். இரவில் கை தொடுவது புதுப் பழக்கம். பெஞ்சில் பேச்சு நின்றதும் அதற்குப் பிறகுதான். இத்தனையையும் எழுதியவர் நீங்கள். சேர்த்துப் பார்க்காதவரும் நீங்கள்தான்.

உங்கள் மனைவி அந்த அம்மாவோடு வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தேவகோட்டைக்காரர் வேறு மையத்துக்கு மாறியிருக்கலாம், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருக்கலாம், நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாததும் நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. ஏசிக்காக மட்டும் ஒருவர் கட்டிலை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே அந்தக் காலிக் கட்டிலைப் பற்றி எழுதமாட்டார்.

பயந்தது தவறில்லை. உங்கள் பயத்துக்குக் கட்டில் மாறிப் படுக்க இடமிருந்தது. அவருக்கு மாற்றிக்கொள்ள வேறு பெஞ்ச் இல்லை. அதனால் புளியங்கொட்டை எண்ணுகிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருகிறவர் உங்கள் கையில் அதிர்வை மட்டும் தேடவில்லை, ஐயா. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார். இதற்கு வெறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கைதி என்ற சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு உள்ளே கட்டிலும் போர்வையும். அவருக்கு வெளியே பலகை.

ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சம்பந்திகள் எதிரில் எண்ணியிருக்கக் கூடாது. டாக்டர் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். அதைக் குறைக்க அவருக்கு அதிகாரமில்லை, கூட்ட உங்களுக்கும் இல்லை. சிறுநீரகம் இரவு பகலாகச் செய்கிற வேலையை அந்த இயந்திரம் வாரத்தில் 12 மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. கூடுதலாகச் சேர்ந்த நீரை அவசரமாக இழுக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வழக்கம். மூன்று கிலோவைப் பார்த்து அவர் முகம் மாறுவது அந்தத் துடிப்பை நினைத்தாகவும் இருக்கலாம். காலையில் அன்றைய தண்ணீரை நீங்களே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொட்டைகள் பல்லாங்குழிக்குப் போகட்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேவகோட்டைக்காரருக்கு நீங்கள் நினைப்பதே நடந்திருந்தாலும் அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. வயது, சர்க்கரை, இதயம் என்று ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். உங்கள் கணக்கை உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மனைவியையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "தேவகோட்டைக்காரர் என்ன ஆனார், உனக்குத் தெரியுமா?" அவர் அழலாம். இத்தனை நாள் கேட்காததற்குத் திட்டலாம். பகலில் கேட்க வாய் வராவிட்டால், இன்றிரவு இரண்டு மணிக்கு அந்தக் கை வரும்போது தூங்குவதுபோல் கிடக்காதீர்கள்.