தோட்டம் கேள்வி–பதில்: கள்ளி வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: மூன்றாம் மாடி பால்கனியில் ஐந்து ஆண்டுகளாக ஒரு தூண் கள்ளி வளர்க்கிறேன். முழங்கை உயரம் இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அது சுருங்கி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். இப்போது அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பழுப்பேறிவிட்டது. யூரியா போடச் சொல்கிறார்கள். மருந்து அடிக்கலாமா, தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா?
– வாசகி, தாம்பரம்

பதில்: எறிய வேண்டாம், யூரியாவும் வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே கள்ளி சுருங்குகிறது என்றால், தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். நீங்கள் அன்புடன் ஊற்றிய ஒவ்வொரு குவளையும் எஞ்சியிருந்த வேரையும் அழுகச் செய்திருக்கும். இந்தத் தவற்றை ஏறத்தாழ எல்லோருமே செய்கிறோம். வாடிய செடிக்குத் தண்ணீர் என்பது நம் கைக்குப் பழகிப்போன வைத்தியம்.

இருந்தாலும் பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வயதான கள்ளியின் அடிப்பகுதி மரப்பட்டைபோல இறுகிப் பழுப்பாவது இயல்பு. பென்சிலின் பின்முனையால் அந்த இடத்தை மெல்ல அழுத்துங்கள். கட்டையாக இருந்தால் அது வயதின் அடையாளம், பழுத்த சப்போட்டாபோல அமுங்கினால் அழுகல். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறிக் காய்ந்த திட்டு இருந்தால் அது வெயில் சுட்ட தழும்பு; மறையாது, ஆனால் பரவாது.

அடுத்ததாக, தயங்காமல் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். செய்தித்தாளை நீளவாக்கில் பட்டையாக மடித்துக் கள்ளியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. நல்ல வேர் வெளிர் நிறத்தில், இழுத்தால் அறாத நூல்போல இருக்கும். அழுகிய வேர் கறுத்து, தொட்டவுடன் மேல்தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நார் மட்டும் நிற்கும். நர்சரியில் வாங்கிய ஓர் உருண்டைக் கள்ளியை அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றி வைத்து நான் இழந்திருக்கிறேன். இறந்த பிறகு கவிழ்த்துப் பார்த்தபோது, மேல்மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்க, நடுவில் இருந்த தேங்காய் நார்க்கழிவு உருண்டையோ பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவந்த எனக்கு அந்த உருண்டை கடைசிவரை தெரியவே இல்லை.

உங்கள் கள்ளியின் அடி அமுங்கினால், வெட்டுவதுதான் வழி. ஏற்கெனவே கூழான சதையைப் பூஞ்சைக்கொல்லி மீட்டுத் தராது. கூரிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பழுப்புப் பகுதிக்கு மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவே ஒரு வளையம் தெரியும். நீர் ஏறும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. சுற்றிலும் சதை பசுமையாகவே இருந்தாலும், அந்த வளையத்தில் துருப்பிடித்தாற்போல ஒரு சிறு புள்ளி தென்பட்டால்கூட, கத்தியை மறுபடி துடைத்துவிட்டு இன்னொரு விரற்கடை மேலே வெட்ட வேண்டும். செடியின் உயரம் குறைகிறதே என்று மனம் இரங்கி அந்தப் புள்ளியை விட்டுவைத்தால், சில நாட்களிலேயே அழுகல் மேலேறிவிடும். சுத்தமான வெட்டு கிடைத்ததும், பென்சில் சீவுவதுபோல விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது நடுப்பகுதி உள்வாங்கும் என்பதால் இது தேவைப்படுகிறது.

வெட்டிய துண்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் சும்மா வைத்திருங்கள். காயம் தோல்போல இறுகி ஆற வேண்டும். மழை நாட்களில் இதற்கு இன்னும் சில நாட்கள் கூடுதலாகும், மின்விசிறிக் காற்று பட்டால் நல்லது. ஆறியபின் காய்ந்த மண்கலவையின் மேல் நிறுத்தி, சாயாமல் குச்சி கட்டிவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கூடாது. தன் உடலில் உள்ள நீரிலேயே அது பல வாரங்கள் வாழும். மெல்ல அசைத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதல் தண்ணீர் விடலாம்.

மண்கலவையில் ஒரு பங்கு செம்மண்ணோடு மக்கிய எருவும், இரண்டு பங்கு கழுவிய பருமணலும் செங்கல் துண்டுகளும் இருக்கட்டும். கடற்கரை மணல் உப்பு, அதைத் தொடாதீர்கள். அடியில் துளையுள்ள மண் தொட்டியே நம் ஊருக்கு ஏற்றது. கள்ளி பகலில் தன் மூச்சுத்துளைகளை மூடி இரவில் திறப்பது. அதனால் அது வெயிலில் இழக்கும் நீர் மிகக் குறைவு. தேதி பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், ஈர்க்குச்சியை மண்ணின் அடிவரை செருகி எடுத்து, அது முழுக்கக் காய்ந்து வரும்போது மட்டும் ஊற்றுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழைச்சாரல் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்திவிட வேண்டும்.

கேள்வி: பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு உருண்டை உள்ள கள்ளியை வாங்கினேன். சிவப்பு வெளிறிச் சுருங்குகிறது. தண்டிலோ பச்சைக் கிளைகள் துளிர்க்கின்றன. எது நோய்?
– வாசகர், கோவை

பதில்: உங்களிடம் இருப்பது ஒட்டுக்கட்டிய இரண்டு செடிகள். மேலே உள்ள சிவப்பு உருண்டையில் பச்சையம் இல்லை. தனக்கு வேண்டிய உணவை அதனால் சமைத்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடிதான். கிளைகள் துளிர்க்கும்போது தண்டின் சத்து அவற்றுக்குப் போய் உருண்டை பட்டினி கிடக்கிறது. கிளைகளை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்; நண்பகல் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இந்தக் கூட்டணி பெரும்பாலும் சில ஆண்டுகளே நீடிக்கும். அதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை. உருண்டையைத் தனியே எடுத்து மண்ணில் நட்டால் பிழைக்காது. ஆனால் அது கெட்டியாக இருக்கும்போதே வேறொரு டிராகன் பழத் தண்டில் மறுபடி ஒட்டுக்கட்டலாம்.

கேள்வி: தொட்டியில் வளரும் சப்பாத்திக்கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறது. நசுக்கினால் விரலில் ரத்தம்போல ஒட்டுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: பயம் வேண்டாம். பஞ்சுக்குள் இருப்பது கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சி. அந்தச் சிவப்பு, அதன் உடலில் உள்ள சாயம். இந்தச் சாயத்துக்காகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் ஒரு கள்ளித் தோட்டம் வைத்திருந்தார். 1795இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சியோ உயர்ந்த சாயம் தரும் வகையல்ல. சாயத்தொழில் எழவில்லை, ஆனால் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது பெருமளவு அழித்தது. உங்கள் ஒற்றைச் செடியையும் விட்டுவைக்காது என்பதால் இன்றே தொடங்குங்கள். செடியைச் சாய்த்துப் பிடித்து, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிப் பஞ்சைக் கழுவுங்கள். மெழுகு உறை கலைந்தால்தான் மருந்து உடலில் படும். பின்பு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்து, வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு முறை செய்யுங்கள். வெயிலில் தெளித்தால் தோல் கருகும். மிகவும் அப்பிய மடல்களை வெட்டி எரித்துவிடலாம்.

பஞ்சு வெள்ளையாக இருந்தும் நசுக்கும்போது இந்தச் சிவப்பு வராவிட்டால், அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சியால் முள்ளிடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். அப்போதும் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்: வேரிலும் மண்ணோரத்திலும் மாவு தூவியதுபோல இருந்தால், பழைய மண்ணை முழுவதும் உதறி, வேரைக் கழுவிக் காயவைத்துப் புது மண்ணில் நட வேண்டும்.