வேர்வைக்கு நிற்குமா மேக்கப்? வாசகியர் கேள்வி–பதில்

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஏசி கிடையாது. மேக்கப் கலையாமல் இருக்க மேலே அடிக்கிற செட்டிங் ஸ்பிரே கடையில் கேட்டால் நாலைந்து வகை எடுத்துப் போடுகிறார்கள். எதை வாங்குவது, எப்படி அடிப்பது?
– வாசகி, கும்பகோணம்

விலைச்சீட்டை விட்டுவிட்டு பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. பிவிபி, விபி/விஏ கோபாலிமர், அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்று ஏதாவது ஒன்று போட்டிருந்தால், காய்ந்ததும் முகத்தில் மெல்லிய படலமாக நிற்கும் வகை. கூடவே ஆல்கஹால் டினாட் இருந்தால் சீக்கிரம் காயும். தண்ணீர், கிளிசரின், கற்றாழை, ரோஜா நீர் என்று மட்டும் இருந்தால் அது முகத்தில் பவுடர் வெள்ளையாகத் தெரிவதைப் போக்கும். மேக்கப்பைப் பிடித்து வைக்காது. நம் பக்கத்துப் புழுக்கத்தில் கிளிசரின் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். முகூர்த்தத்துக்கு முதல் வகைதான் சரி.

ஆனால் எந்த ஸ்பிரேயும் வேர்வையை நிறுத்தாது. வேர்வை படலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. ஃபவுண்டேஷனை அப்பியிருந்தால் படலத்தோடு சேர்ந்தே பெயர்ந்து வரும். ஆகவே பாதி வேலை ஸ்பிரேக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நலங்கு வைத்த எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போக முகம் கழுவுங்கள். மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன் பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஃபவுண்டேஷன் மெல்லிசாக இருக்கட்டும். நெற்றி, மூக்கின் இருபக்கம், மேலுதடு ஆகிய இடங்களில் பவுடரைத் தேய்க்காமல் பஃப்பால் அழுத்தி வையுங்கள்.

பிறகு பாட்டிலை நன்றாகக் குலுக்கி, முதலில் ஒரு டிஷ்யூவில் அடித்துப் பாருங்கள். பனி மாதிரி விழ வேண்டும்; சொட்டாக விழுந்தால் ஸ்பிரே மூடியின் துவாரத்தில் பழைய ஸ்பிரே காய்ந்து அடைத்திருக்கிறது. அந்த மூடியை வெந்நீரில் கழுவினால் திறந்துகொள்ளும். ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாதி காதுக்கும் ஜாக்கெட்டுக்கும் போய்விடும். கண், வாய் மூடி, மூச்சை அடக்கி, 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்துக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு, நெற்றியில் ஒன்று, மூக்கிலிருந்து தாடைக்கு ஒன்று. இவ்வளவு போதும். கிட்டத்தில் பிடித்தால் நீர்க்கோடு விழும். பத்துத் தடவை அடித்தால் காய்ந்தபின் செதில் செதிலாக உரியும். ஒரு நிமிடம் கண்ணைத் திறக்க வேண்டாம். ஈரம் காயுமுன் திறந்தால் மஸ்காரா இமையில் அச்சாகப் பதியும்.

மணவறையில் வேர்த்தால் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். வேர்வை மேலேயே திரும்ப ஸ்பிரே அடிப்பதுதான் பலரும் செய்கிற தப்பு: ஈரத்தில் படலம் ஒட்டாமல் திட்டுத் திட்டாகிவிடும். ஒற்றி, பவுடர் வைத்து, அப்புறம் ஒரு தடவை. அதையும் மணமகள் அறையிலேயே முடித்துவிடுங்கள். ஆல்கஹால் உள்ள ஸ்பிரே தீப்பற்றும். ஹோம குண்டத்தருகிலோ குத்துவிளக்கருகிலோ அதைக் கையில் எடுக்கவே கூடாது.

மகள் நாட்டியாஞ்சலியில் ஆடுகிறாள். பேன்கேக் போட்ட முகத்தில் ஸ்பிரே அடித்ததும் கோடு கோடாக வழிந்துவிட்டது. ஏன்?
– வாசகி, மயிலாடுதுறை

பேன்கேக் ஈர ஸ்பாஞ்சால் கரைத்துப் பூசுவது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். நீங்கள் அடித்தது தண்ணீர் மிகுந்த ஸ்பிரேயாக இருக்க வேண்டும், அதுவும் கிட்டத்தில். பேன்கேக் முழுக்கக் காய்ந்ததும் நிறமில்லாத பவுடரை அழுத்தி, மிகுதியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஆல்கஹால் வகை ஸ்பிரேயை 30 செ.மீ.க்குக் குறையாத தூரத்திலிருந்து ஒரே ஒரு மெல்லிய சுற்று. அது காய்ந்தபின் இன்னொரு சுற்று. புருவம், ஐலைனர் எல்லாம் காய்ந்த பிறகே இதைச் செய்யுங்கள். மேடையேறும் அன்றைக்கு முதன்முதலாகப் பரீட்சை வேண்டாம், ஒத்திகை நாளில் போட்டுப் பாருங்கள்.

ரோஜா நீரில் கிளிசரின் கலந்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? அவசரத்துக்கு ஹேர் ஸ்பிரே?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

ரோஜா நீர்க் கலவை முகத்துக்கு ஈரம் தரும், அவ்வளவுதான். பிரிசர்வேட்டிவ் இல்லாததால் கிருமி சேரும், நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஹேர் ஸ்பிரே கூடவே கூடாது. அதிலும் பாலிமர்தான் இருக்கிறது, ஆனால் தலைமுடிக்கென்று செய்தது. முகத்தோலும் கண்ணும் எரியும்.

செட்டிங் ஸ்பிரே அடித்தால் கன்னம் எரிகிறது, மறுநாள் பருவும் வருகிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆல்கஹாலோ வாசனைத் திரவியமோ. இரண்டும் இல்லாததாகப் பார்த்து வாங்கி, முழங்கை மடிப்பில் அடித்து 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தால் முகத்துக்கு வேண்டாம். பருவுக்கு ஸ்பிரேயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெறும் சோப்பும் தண்ணீரும் படலத்தைச் சரியாக எடுக்காது. க்ளென்சிங் ஆயிலோ மைசெல்லார் வாட்டரோ தொட்டு மெதுவாக எடுத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போடுங்கள். பரு வரும் முகம் என்றால் தேங்காய் எண்ணெயைத் தவிருங்கள், துவாரங்களை அடைக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, அவர் இல்லாத அறையில் அடியுங்கள்.

போன வருஷம் திறந்த பாட்டில் பாதி இருக்கிறது.
– வாசகி, மன்னார்குடி

பாட்டிலில் மூடி திறந்த டப்பா படமும், அதற்குள் 12எம் என்பதுபோல் ஓர் எண்ணும் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் கணக்கு. அதற்குள்ளேயே வாசனை மாறினாலும், குலுக்கியும் கலங்கல் போகாவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.