சிறுகுடல் கேள்வி-பதில்: சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் எந்த வழி?

கேள்வி: சர்க்கரை அப்படியே இரத்தத்தில் கலக்கிறதா?

பதில்: இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பிலுள்ள நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்த பிறகே உள்ளே போகும்.

கேள்வி: ஃபிரக்டோஸ் மிகுந்த பானம் குடித்தால் வயிறு உப்புகிறதே?

பதில்: குளுக்கோஸ் சோடியத்தின் துணையோடு செறிவை எதிர்த்தும், அதாவது குடலைவிடச் செல்லுக்குள் அது அதிகமாக இருந்தாலும், உள்ளே ஏறிவிடும். அத்துணை இல்லாத ஃபிரக்டோஸ் ஓரளவுக்கு மேல் தேங்கிப் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளுக்குத் தீனியாவதால் வாயு உண்டாகிறது. அளவு முக்கியம்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசலில் சர்க்கரை சுவைக்காகத்தானே? தெம்புக்காகக் கூடுதலாகப் போடலாமா?

பதில்: போடக் கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் கரண்டியோடு வந்து நிற்கிறார். குடற்செல்லின் அடிப்பக்கத்திலுள்ள பம்பு சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளுவதால் செல்லுக்குள் அதற்குப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைப் பயன்படுத்தி, குடல் பக்கமுள்ள கடத்திப் புரதம் இரண்டு சோடியம் அயனிகளோடு ஒரு குளுக்கோஸை உள்ளே இழுக்க, நீரும் பின்தொடர்கிறது. 1960இல் பிராக் நகரில் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்த கருத்து இது. காலரா நச்சு நீரைக் கொட்ட வைத்தாலும் இந்த வாசலை அடைப்பதில்லை; கரைசல் உயிர் காப்பது அதனால்தான். ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுக் கலவையில் குளுக்கோஸும் சோடியமும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று சமமாக இருக்கின்றன. சர்க்கரை மிஞ்சினால் அது நீரைக் குடலுக்குள்ளேயே இழுத்துப் போக்கை அதிகமாக்கும். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீர், அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம்.

கேள்வி: புரதம் முழுவதும் தனித்தனி அமினோ அமிலமாக உடைந்தால்தானே உறிஞ்சப்படும்?

பதில்: பாதி சரி. இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடுகளும் ஹைட்ரஜன் அயனியின் துணையோடு நுழைகின்றன. பெரும்பாலானவை செல்லுக்குள்தான் முழுமையாக உடைகின்றன. ஹார்ட்னப் என்ற பரம்பரை நோயில் நடுநிலை (மின்னூட்டம் இல்லாத) அமினோ அமிலங்களின் வாசல் பழுதாகியும் பலருக்குக் கடும் புரதக் குறை வராமலிருக்க இந்த இரண்டாம் வழியே காரணம்.

கேள்வி: எனக்கு எதுவும் ஒட்டுவதில்லை, குடலில் குறையா?

பதில்: வயது, எடை, எத்தனை நாளாக, மலம் எப்படி, எதைச் சாப்பிட்டால் என எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா சொல்வேன்? எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: கொழுப்பும் இதே வழியில்தான் கல்லீரலுக்குப் போகிறதா?

பதில்: சர்க்கரையும் அமினோ அமிலமும் குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியே நேராகப் போகும், கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய் வழியே சுற்றிக்கொண்டு போகும்.