கணினிக் கேள்வி–பதில்

கேள்வி: மகள் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கிறாள். தோழி அனுப்பிய நிரலில் நாலு வரி சேர்த்தாள். 'டேப்எரர்' என்று நின்றுவிட்டது. வரிகள் நேராகத்தானே இருக்கின்றன?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கண்ணை நம்பாதீர்கள் அம்மா! ஒரு வரியின் முன்னால் டேப் விசையால் விட்ட இடைவெளி, அடுத்ததில் ஸ்பேஸ் விசையால் விட்டது இருக்கும்; பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் இப்படிக் கலந்தால் பைத்தான் 3 ஒப்புக்கொள்ளாது. கும்பகோணத்தில் நான் வகுப்பெடுத்த நாளில் ஒரு மதியம் முழுக்க இதிலேயே போயிற்று; வாங்கி வைத்த டிகிரி காபி ஆடை கட்டிவிட்டது.

நிரல் எழுதும் விஎஸ் கோடு செயலியில் அந்த வரிகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். குட்டு வெளிப்பட்டதா? இனி கீழே வலப்பக்கம் 'ஸ்பேசஸ்: 4' அல்லது 'டேப் சைஸ்: 4' என்று இருப்பதைத் தட்டி, 'கன்வர்ட் இண்டென்டேஷன் டு ஸ்பேசஸ்' கொடுத்தால் சரியாகும். பைத்தானின் பெப் 8 நடைக்குறிப்பு சொல்வதும் 4 ஸ்பேஸ்தான்.

தோழியும் அதே அமைப்பை வைத்துக்கொள்ளட்டும். நடவு வயலில் ஆளுக்கொரு கயிறு பிடித்தால் வரிசை எங்கே வரும்? ஆனால் நிரல்களைத் தொகுக்கும் கட்டளைகள் எழுதிய மேக்ஃபைல் கோப்புகளில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதற்கு டேப்தான் வேண்டும்.