கலாத்தா பாலத்தில் ஒரு பாம்பன்காரி

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் கேபின் க்ரூவாக இருக்கிறேன். சின்ன வயசிலிருந்தே இஸ்தான்புல் என்றால் பைத்தியம். போன மாதம் டூட்டி ரோஸ்டரில் அந்த ஊர் விழுந்தது, அடுத்த விமானம் வரை ஒரு நாள் லேஓவர். தூங்கி எழுந்து, தேவாலயமாக இருந்து மசூதியான ஹகியா சோஃபியா பார்க்கத்தான் கிளம்பினேன். வழியில் கலாத்தா பாலம். கைப்பிடி நெடுக ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்று நின்றவள், பிற்பகல் முழுக்க அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பெரியவர் தூண்டிலை என் கையிலேயே கொடுத்தார். இரண்டு மீன் பிடித்தேன். அப்புறம் விமான நிலையம் போகும் பிக்-அப் வண்டிக்குத் தயாராகத்தான் நேரம் இருந்தது. "மீன் பார்க்கவா இஸ்தான்புல் போனாய், பாம்பனே போதுமே" என்று கூட வந்தவர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். கனவை வீணாக்கிவிட்டேனா அண்ணே?

ம.

அன்புள்ள ம.,

வீணாகவில்லை. அதற்காக ஹகியா சோஃபியா ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று உங்களைத் தேற்றவும் மாட்டேன். 532இல் தொடங்கி 537இல் முடித்த கட்டடம் அது. 2019இல் அடிக்கல் நாட்டி 2025இல் திறந்த நம் பாம்பன் புது ரயில் பாலத்தைவிடச் சீக்கிரம் முடித்திருக்கிறார்கள்! குவிமாடம் மட்டும் முப்பது மீட்டருக்கு மேல் அகலம். அடுத்த முறை ரோஸ்டரில் விழுந்தால் போய்விடுங்கள். 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான், 25 யூரோ கட்டணம். படிப்பணத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

துணைக்கு ஒரு பெரிய ஆளைச் சொல்கிறேன். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1330களில் அந்த நகரத்துக்குப் போனார். அப்போது அது கான்ஸ்டான்டிநோபிள். ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, பேரரசரையே சந்தித்தவர். ஆனாலும் ஹகியா சோஃபியாவுக்குள் போகவில்லை. உள்ளே நுழைகிறவர்கள் சிலுவையை வணங்க வேண்டும் என்றிருந்ததால் வெளியே நின்றுவிட்டார். வெளிப்புறத்தைத்தான் என்னால் சொல்ல முடியும், உள்ளே பார்க்கவில்லை என்று தன் பயணக் குறிப்பில் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அதே மனிதர் 1340களில் இலங்கையில் ஆதம் மலை ஏறிவிட்டு நம் கரைக்கு வரும்போது, கப்பல் புயலில் மாட்டி, தட்டுத்தடுமாறிக் கரையேறி, மதுரை சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார். உங்கள் தடத்தில் அவர் எதிர்த்திசையில் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பாம்பனே போதுமே என்கிற கிண்டலுக்கு வருவோம். உண்மையிலேயே போதுமா? பாம்பனில் நீங்கள் ஒரு பிற்பகல் முழுக்கத் தூண்டிலும் கையுமாக நிற்க முடியுமா? அரைமணி நேரத்தில் வீட்டுக்குச் சேதி போயிருக்கும். நம் கரையில் கடற்பாசி எடுக்கப் பெண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிறார்கள், கையெல்லாம் பாறை கீறிய காயம். அவர்களிடம்கூட யாரும் தூண்டிலைக் கொடுத்து "பிடிம்மா" என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்கு நீங்கள் இஸ்தான்புல் போக வேண்டியிருந்திருக்கிறது.

என்ன மீன் என்று எழுதவில்லையே? அந்தப் பாலத்தில் அதிகம் மாட்டுவது இஸ்தாவ்ரித் என்கிற பொடி மீன். நம் பாரை மீனின் குடும்பம்தான். ஒரே நரம்பில் வரிசையாகப் பல முள் கட்டி, முள்ளுக்கு முள் இறகுத் துணுக்கு வைத்து இறக்குவார்கள். இரை கிடையாது. உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஹகியா சோஃபியாவைவிட இதைத்தான் கிளறிக் கிளறிக் கேட்பார்கள்.

அங்கிருந்து எட்டும் தூரத்தில் பாஸ்பரஸ் நீரிணை. மேல்நீர் கருங்கடலிலிருந்து மர்மரா கடலுக்கு ஓடும். அடியில் உப்பு கூடின நீர் அதற்கு நேர் எதிராக ஓடும். 1680 வாக்கில் மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர், கயிற்றில் வெள்ளையடித்த தக்கைகளைக் கட்டி ஈயக்குண்டோடு இறக்கிப் பார்த்தார். ஓர் ஆழத்துக்குக் கீழே தக்கைகள் மறுபக்கம் திரும்பின. கடலியலில் பெயர்பெற்ற சோதனை இது. அவரிடம் அந்தச் சங்கதியை முன்பே சொல்லியிருந்தவர்களில் அவ்வூர் மீனவர்களும் உண்டு. கச்சான் காற்றுக்கு ஒரு பக்கம், வாடைக்காற்றுக்கு மறுபக்கம் என்று பாம்பன் கால்வாயில் நீர் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்துக்கு விடியலில் ரயிலில் வந்து, அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் வாளி வாளியாகத் தலையில் வாங்கி, ஈர உடை மாற்றித் தரிசனம் முடித்து, வேனில் தனுஷ்கோடி பார்த்து, ராத்திரி ரயிலேறிவிடுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்கள் ஊரைப் பார்க்கவில்லை என்று நாம் சொல்வதில்லை. வந்த காரியம் ஒன்று இருக்கிறது, அது முடிந்தது. உங்கள் நண்பர்கள் அதே ஒரு நாளில் பத்து இடம் ஓடியிருப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அவர்களிடம் போட்டோ தவிர என்ன கதை இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வேலையில் ஒரு வசதி, அந்த ஊர் மறுபடி விழும். சுற்றுலாப் பயணிக்கு அது கிடையாது. எனவே ஒரு தடவைக்கு ஒன்று. முதலில் தூக்கம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் ஹகியா சோஃபியா. பிறகு நேரமிருந்தால் பாலத்தடியில் எமினோனு படகுத்துறைக்கு இறங்கி உஸ்குதார் போகும் படகில் ஏறுங்கள். அரைமணிக்குள் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போய்விடலாம். படகிலேயே சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ விற்பார்கள், சர்க்கரைக் கட்டி தனியாக வரும். பால் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்